ஒப்புதலுக்குக் காத்திருந்த தமிழ்

கைப்பேசிக்குள் தமிழ் வந்த கதை – 11

கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் செயலி 2009இல் ஐபோனுக்கு வந்தது. ஆனால் அதை இறக்கிக்கொண்டவர் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்தால் அங்கே தமிழ் விசைப்பலகை இருக்காது. செல்லினத்துக்குள் போய்த் தமிழில் தட்டெழுத வேண்டும். எழுதியதை நகலெடுத்து வெளியே கொண்டுவந்து வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். நகலெடுத்து ஒட்டும் வசதியே ஐபோனுக்கு அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வந்திருந்தது.

செல்லினத்தை உருவாக்கிய முத்து நெடுமாறனுக்கு இதைவிட நன்றாகச் செய்யத் தெரியாமல் இல்லை. 1985 முதல் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைக் கட்டி வளர்த்தவர் அவர்; மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துருவை வடித்தவர். ஒருவர் செய்த செயலி மற்ற செயலிகளுக்குள் விசைப்பலகையாக இயங்க ஆப்பிள் அனுமதிக்கவில்லை என்பதே காரணம். அந்த அனுமதி 2014 செப்டம்பரில்தான் கிடைத்தது. அந்த ஐந்தாண்டுகளை எழுதாமல் இந்தத் தொடரை நகர்த்த முடியாது. செயலிக் கடைகளின் ஒப்புதல் முறை நம் மொழியை எங்கே நிறுத்தியது, எங்கே காத்தது என்பதற்கு அவை சான்று.

கடந்த அத்தியாயத்தில் ஜாவா கைப்பேசிகளின் காலத்தைப் பார்த்தோம். 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் செல்லினம் அறிமுகமானது. தமிழ் எழுத்தே இல்லாத கைப்பேசிக்குள் எழுத்துருவையும் விசைப்பலகையையும் அந்தச் சிறிய நிரலே சுமந்துகொண்டு போனது. அப்போது செய்தவருக்கும் பயன்படுத்தியவருக்கும் இடையே தடைகள் இருந்தன. கையொப்பமிடப்படாத ஜாவா செயலி ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும் கைப்பேசி நிறுத்தி அனுமதி கேட்கும். ஒரு கைப்பேசியில் ஓடுவது அடுத்ததில் ஓடாது. ஆனாலும் எந்தச் செயலி உலகில் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்யும் ஒரே அலுவலகம் அன்று இல்லை. முரசு அஞ்சல் போன்ற கணினி மென்பொருள்களுக்கு அந்தத் தொல்லை அறவே கிடையாது. வட்டில் பதிந்து கொடுத்தால் போதும், இணையத்தில் ஏற்றினால் போதும்.

2008 ஜூலை 10ஆம் நாள் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. முதல் நாளில் ஏறத்தாழ 500 செயலிகள் இருந்தன. உள்ளே வர விரும்புபவர் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். மலேசியப் பணத்தில் அன்றைக்கு அது 320 ரிங்கிட் அளவு. விற்பனையில் 30 விழுக்காடு ஆப்பிளுக்கு. ஒவ்வொரு செயலியையும், பின்னர் அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆப்பிளின் ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது மக்களிடம் போகும். பொதுமக்கள் ஐபோனுக்குள் செயலிகளை நிறுவ ஆப்பிள் வேறு வழி எதையும் அன்று அனுமதிக்கவில்லை.

தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தோட்டத்துக்குள் யார் வரலாம், யார் கடை போடலாம் என்பதைத் துரையின் அலுவலகம் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. துணி வியாபாரியும் தொழிற்சங்கத்துக்காரரும் அதே வாசலில்தான் நின்றார்கள். திருடனைத் தடுத்ததும் அதே வாசல்தான். இந்த இரண்டையும் மறக்காமல் வைத்துக்கொண்டால்தான் செயலிக் கடையின் வரலாற்றை நேர்மையாகப் படிக்க முடியும்.

ஒப்புதல் எப்படி நடக்கிறது என்பது முதல் ஓராண்டு வெளியே தெரியவே இல்லை. 2009இல் கூகுள் வாய்ஸ் செயலி ஐபோனுக்குள் வராமல் தடைபட்டது. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. அந்த ஆகஸ்டில் ஆப்பிள் கொடுத்த பதிலில்தான் உலகம் முதன்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தது. நாற்பதுக்கு மேற்பட்ட முழுநேரப் பரிசோதகர்கள் இருந்தார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 8,500 புதிய செயலிகளும் திருத்தங்களும் வந்தன. ஒவ்வொன்றையும் குறைந்தது இருவர் பார்த்தார்கள். அனுப்பியவற்றில் ஐந்தில் ஒன்று முதல் முறையில் ஒப்புதல் பெறவில்லை. 95 விழுக்காட்டுச் செயலிகளுக்கு 14 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றும் ஆப்பிள் சொன்னது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாரம் 8,500, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்றால் 17,000 பரிசோதனைகள். நாற்பது பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு வாரத்தில் 425. ஐந்து நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 85. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த நிரலின் தலைவிதி சில நிமிடங்களில் தீர்மானமானது. தவறு நடக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. அமெரிக்க அரசியல் கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோரின் செயலியை, பொது வாழ்வில் இருப்பவர்களைக் கேலி செய்கிறது என்ற காரணம் காட்டி 2009 டிசம்பரில் நிராகரித்தார்கள். 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதன் பிறகு செயலிக்கும் அனுமதி கிடைத்தது. பரிசு பெறாதவர்களின் செயலிகள் என்னவாயின என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை.

விதிகள் எழுத்தில் வெளியானது 2010 செப்டம்பரில். கடை திறந்து இரண்டாண்டுகளுக்கு மேலாகிவிட்டிருந்தது. அதுவரை செயலி செய்பவர்கள் நிராகரிப்புக் கடிதங்களை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் விதிகளை ஊகித்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுகளில் ஒரு செயலியில் பிழை என்று வைத்துக்கொள்வோம். திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. செய்தவர் அன்றிரவே திருத்திவிடுகிறார். திருத்தம் வரிசையில் நிற்கிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். அதற்குள் காசு கொடுத்து வாங்கியவர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். பிழை சரியாகிவிட்டது, ஒப்புதலுக்குத்தான் காத்திருக்கிறோம் என்று அவருக்குப் பதில் எழுதவும் வழியில்லை. ஆப் ஸ்டோர் விமர்சனங்களுக்குச் செய்தவர் பதில் எழுதும் வசதி 2017 மார்ச்சில்தான் வந்தது. வாங்கியவருக்கு ஆப்பிளின் வரிசை தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது செயலியின் பெயர் மட்டும். பெரிய நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் தமிழ் மென்பொருள் நிறுவனத்துக்கு முதல் வாரத்து ஒற்றை நட்சத்திரங்கள் நெடுங்காலம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி விசைப்பலகைக்கு வருவோம். 2009 ஏப்ரலில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பிலேயே யாரும் விசைப்பலகை செய்து கொடுக்கலாம் என்று கூகுள் திறந்துவிட்டது. ஆனால் ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது. விசைப்பலகை செய்ய உரிமை இருந்தது, காட்ட எழுத்து இல்லை. ஐபோனில் அந்த உரிமையே இல்லை. 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிளே அஞ்சல், தமிழ் 99 என்னும் இரண்டு தமிழ் விசைப்பலகைகளை உள்ளே சேர்த்தது. பெரும் வரவு அது. ஆயினும் சொல்லைப் பரிந்துரைக்கும் விசைப்பலகை வேண்டும், வேறு அமைப்பு வேண்டும் என்பவர்களுக்கு வழி மூடியே இருந்தது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். புகழ்பெற்ற ஸ்விஃப்ட்கீ விசைப்பலகை நிறுவனத்தால் 2014 ஜனவரியில் ஐபோனுக்கு ஒரு குறிப்பேட்டுச் செயலியை மட்டுமே வெளியிட முடிந்தது. உள்ளே எழுதி வெளியே கொண்டுபோகும் அதே சுற்றுவழி. செல்லினம் ஐந்தாண்டுக்கு முன் நடந்த பாதை அது.

2014 ஜூன் 2ஆம் நாள் ஆப்பிள் தன் மாநாட்டில் தடையை நீக்குவதாக அறிவித்தது. செப்டம்பர் 17இல் ஐஓஎஸ் 8 வெளியானது. அதன் பிறகுதான் வெளியார் செய்த தமிழ் விசைப்பலகை ஐபோனின் எந்த மூலையிலும் எழும்பி வர முடிந்தது.

ஆப்பிளின் அச்சம் பொய்யானதல்ல. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகை பார்க்கிறது, கடவுச்சொல் உட்பட. கெட்டவன் கையில் அது கன்னக்கோல். ஆனால் 2014இல் ஆப்பிள் கண்ட தீர்வு எளிமையானது. கடவுச்சொல் கட்டத்தில் வெளியார் விசைப்பலகை வேலை செய்யாது. பயன்படுத்துபவர் தாமே முழு அனுமதி கொடுத்தால் ஒழிய அது இணையத்தோடு பேச முடியாது. இதை 2014 வரை தள்ளிப்போட முடிந்ததற்குக் காரணம், ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அவசரம் இல்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். அவருடைய விசைப்பலகை முதல் நாளிலேயே கைப்பேசிக்குள் இருந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவர் இழந்தது ஒரு கூடுதல் வசதி, தமிழில் எழுத விரும்பியவர் 2013 வரை இழந்தது எழுதும் வழியையே.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸைப் போன்ற ஊர்களில் இதன் பொருளை நான் பார்த்திருக்கிறேன். சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவே, இரயில் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். படித்த பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். ஊரில் தங்கிய தாய்மார்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர்கள். தமிழை எழுத்துக்கூட்டாமல் படிப்பார்கள், ஆங்கில எழுத்தைக் கண்டால் தடுமாறுவார்கள். புலனம் (வாட்ஸ்அப்) பிறந்ததும் 2009இல்தான். குடும்பங்கள் தொலைபேசிப் பேச்சிலிருந்து எழுத்துச் செய்திக்கு மாறிய அதே ஆண்டுகளில், மகனின் ஐபோனில் தமிழ் விசைப்பலகை இல்லை. அவன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினான். அம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். தமிழ் விசைப்பலகை வந்தபோது அவன் விரல்களுக்கு அந்தப் பழக்கம் ஏறிவிட்டிருந்தது. இன்றும் நம் இளையோர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்குச் சோம்பலையே காரணமாகச் சொல்கிறோம். அந்த ஆண்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

ஒப்புதல் முறை பார்ப்பது எதை என்பதையும் சொல்லியாக வேண்டும். செயலி செயலிழக்கிறதா, தடைசெய்த நிரல்களைத் தொடுகிறதா, தகவலைத் திருடுகிறதா, பணத்தை ஆப்பிளின் விதிப்படி வாங்குகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். அதிலுள்ள தமிழ் சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்கு உயிர்மெய் சொல்லிக்கொடுக்கும் செயலியில் ணகரமும் னகரமும் இடம் மாறியிருந்தாலும் ஒப்புதல் கிடைக்கும். ஒப்புதல் முத்திரையைத் தரச் சான்று என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தமிழின் தரத்தைக் காப்பது நம் வேலையாகவே இருக்கிறது.

ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது 32-பிட் செயலிகள் ஒரே நாளில் ஓடாமல் போயின. 2022இல், மூன்றாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமலும் மிகக் குறைவாகவே இறக்கப்பட்டும் இருந்த செயலிகளை நீக்கப்போவதாக ஆப்பிள் செய்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. கூகுளும் பழைய ஆண்ட்ராய்டுக்கென எழுதிய செயலிகளைப் புதிய கைப்பேசிக்காரர்களின் கண்ணில் படாமல் மறைக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்காக என்றார்கள். உண்மையும் இருக்கிறது. ஆனால் சிறிய மொழிகளில் செயலிகள் பெரும்பாலும் ஒருவரின் ஆர்வத்தில் பிறக்கின்றன. அவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆண்டுச் சந்தா கட்ட மறந்துபோகும். அச்சிட்ட நூல் பதிப்பாளர் இறந்த பிறகும் நூலகத்தில் இருக்கும். செயலிக்கு அந்தப் பேறு கிடையாது. நம் நூலகங்கள் நூலைச் சேர்ப்பதுபோல் தமிழ்ச் செயலிகளையும் அவற்றின் மூலநிரலையும் சேர்த்து வைக்கத் தொடங்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இப்படிக் கடையிலிருந்து நீக்கப்பட்டன. சென்னையிலிருந்து முருகவேல் ஜானகிராமன் நடத்தும் மேட்ரிமோனி நிறுவனத்தின் செயலிகளைக் கூகுள் 2024 மார்ச் 1ஆம் நாள் தன் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. பாரத் மேட்ரிமோனி, ஜோடி ஆகியவை அவற்றுள் அடக்கம். வேறு பல இந்திய நிறுவனங்களின் செயலிகளும் அன்று போயின. தகராறு கட்டணத்தைப் பற்றியது. இந்தியாவின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோரின் பணம் செலுத்தும் விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. அதன் பின் கூகுள் வேறு வழியில் பணம் வாங்க இடம் கொடுத்தது. ஆனால் அப்படி வாங்கினாலும் 11 முதல் 26 விழுக்காடு வரை தனக்கு வர வேண்டும் என்றது. நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றம் சென்றன, வழக்கு நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்தது. மூன்று வாரத்தில் செயலிகள் மறைந்தன. இந்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பி வந்தன. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இந்த வழக்கில் எந்த இடமும் இல்லை. ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்கள் பயன்படுத்தலாம், புதிதாக வருபவர்கள் நிறுவ முடியாது. விலையைப் பற்றிய சண்டையில் கடைக்காரர் சரக்கையே மறைத்துவைத்தார். ஓர் அமைச்சர் பேசியதால் சரக்கு திரும்பியது. அமைச்சரிடம் போக முடியாத சிறு நிறுவனத்துக்கு யார் பேசுவார்?

ஆப்பிள் பக்கத்தில் காலம் கடந்து சில மாற்றங்கள் வந்தன. 2020 ஜூனில், பிழைத் திருத்தங்களை இனி விதி மீறலைக் காரணம் காட்டி நிறுத்திவைப்பதில்லை என்றும், விதியே தவறு என்று வாதிடவும் வழி தருவதாகவும் அறிவித்தார்கள். 2021 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டுபவர்களிடம் 15 விழுக்காடு மட்டுமே வாங்கினார்கள். 2009இல் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த பரிசோதனைப் பிரிவில் 500க்கும் மேற்பட்டவர்கள் இருப்பது, எபிக் என்னும் விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கு 2021இல் விசாரிக்கப்பட்டபோது தெரியவந்தது. காத்திருப்பு இப்போது பெரும்பாலும் ஓரிரு நாள்தான். கடை திறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நியாயம் இது. தானாக வந்ததும் அல்ல. வழக்குகளும் விசாரணைகளும் நெருக்கியதால் வந்தது.

வாசலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? மலேசியர்களான நாம் அப்படிச் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் நம் நாட்டைக் குறிவைத்த மோசடி ஒன்றை வெளிப்படுத்தியது. வீடு சுத்தம் செய்யும் சேவை போன்ற விளம்பரங்கள் சமூக ஊடகத்தில் வரும். செயலியை ஏ.பி.கே. கோப்பாக இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதில் பணம் கட்டப் போனால் போலி வங்கிப் பக்கம் கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொள்ளும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டையும் செயலியே படித்துத் திருடர்களுக்கு அனுப்பிவிடும். எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. கடையின் ஒப்புதலைச் சுற்றிக்கொண்டு வந்த செயலிகள் அவை. ஓய்வூதியப் பணத்தை இப்படி இழந்த ஒருவரிடம் போய்ச் சுதந்திரமான செயலி விநியோகத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

ஆகவே நான் கேட்பது வாசலை இடிக்க அல்ல. நிராகரித்தால் தெளிவான காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டை முதலில் நிராகரித்தவர் அல்லாத இன்னொருவர் கேட்க வேண்டும். நீக்குவதற்கு முன் போதிய காலம் தர வேண்டும். புதிய விதி போடும்போது அது எந்த மொழியை வெளியே நிறுத்தும் என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, இந்த நான்காவதை எந்த நாட்டுச் சட்டமும் இன்னும் கடைகளிடம் கேட்கவில்லை. ஆப்பிள் 2024 மார்ச் 7 முதல் பின்பற்ற வேண்டியிருந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அங்கே ஐபோனில் வேறு கடைகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. மொழியைப் பற்றி அது பேசவில்லை.

கடைசியாக, லாபிஸ், சா, பெக்கோக் பக்கத்து இளையோருக்கு ஒரு செய்தி. புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கில் பிளே ஸ்டோரில் செயலி வெளியிட 2023 நவம்பர் முதல் கூகுள் ஒரு நிபந்தனை வைத்தது. இருபது பேர் பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பின்னர் அதைப் பன்னிரண்டு பேராகக் குறைத்தார்கள். நகரத்தில் நண்பர் கூட்டம் உள்ளவருக்கு இது எளிது. சிற்றூரில் தனியாக இருந்து தமிழ்ச் செயலி செய்யும் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்ட்ராய்டுக்காரர்களைத் திரட்டுவது பெரும்பாடு. அடுத்த மாற்றமும் வருகிறது. கடைக்கு வெளியே கோப்பாகக் கொடுக்கும் செயலியாக இருந்தாலும், செய்தவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும் என்ற விதி 2026 செப்டம்பரில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளில் தொடங்கும் என்றும், 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரியும் என்றும் கூகுள் அறிவித்திருக்கிறது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் தனிவகைக் கணக்கு தருவதாகவும் சொல்லியிருக்கிறது. கோயில் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ செயலி செய்து புலனத்தில் கோப்பாக அனுப்பிவரும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே அவர்களிடம் சொல்லுங்கள். யாராவது சோதித்துப் பார்க்க ஆள் கேட்டு வந்தால், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.

(தொடரும்)